எங்களுக்கு விற்றது ஆர்?

இதை எழுதவேணும் என்று நாங்கள் நாலு பேரும் பலமுறை கதைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் "பிறகு பாப்பம்" என்று தள்ளிப்போட்டுவிடுவோம். ஷெயரில் காசு விட்ட கதையைச் சொல்ல எங்களுக்குப் பெரிய வெட்கமில்லை. அந்தக் கதை இப்போது ஊருக்கு நாலு இருக்கிறது. தள்ளிப்போட்டதற்குக் காரணம் சித்தி. அவவைப் பற்றிக் கடைசியில் வருகிறோம்.

2022 ஜனவரி முதல் கிழமை. திருநெல்வேலியில் எங்களில் ஒருவன் வாடகைக்கு இருந்த அறை. நாலு பேர், ஒரு போன், ஒரு கணக்கு. ஆளுக்கு ஒரு லட்சம் போட்டிருந்தோம். ஒருவனுடையது சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. ஒருத்தியுடையது அம்மாவின் சீட்டுக்காசு. ஒருவன் பழைய மோட்டார் சைக்கிளை விற்றிருந்தான். மற்றவள் சங்கிலியை அடைவு வைத்திருந்தாள், வீட்டுக்குத் தெரியாமல். கணக்கு யாருடைய பெயரில் இருந்தது என்பது இங்கே முக்கியமில்லை.

வாங்கப்போன பங்கின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அந்தக் கொம்பனி எங்களுக்கு ஒரு பிழையும் செய்யவில்லை. அது தன்பாட்டில் தொழில் செய்துகொண்டிருந்தது. ஒரு ரெலிகிராம் குழுவில் அதன் பெயர் அடிபட்டது, கூடவே நாலு ராக்கெட் படங்கள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

கடைசி விலை 12 ரூபாய் என்று திரை காட்டியது. நாங்கள் 30,000 பங்குகளுக்கு ஓடர் போட்டோம். 12 ரூபாய்க்கே போட்டிருக்கலாம். ஆனால் "ஏறப்போகுது, ஏறப்போகுது" என்ற அவசரத்தில் 12.50 வரை வாங்கச் சம்மதம் என்று போட்டுவிட்டோம். பொத்தானை அழுத்தி ஒரு விநாடிகூட ஆகவில்லை, முழுவதும் கிடைத்துவிட்டது. திரையில் கடைசி விலை 12.50. நாலு வீதத்துக்கு மேல் ஏற்றம்! குழுவில் யாரோ உடனே அந்தப் பச்சை நிறத்தைப் படம் பிடித்துப் போட்டார்கள். "பாத்தீங்களா, தொடங்கீட்டுது. ஆரோ பெரிய கை உள்ள வருது."

நாங்கள் துள்ளினோம். ஆரோ பெரிய கை உள்ளே வருகிறது, அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, நாங்களும் சரியான நேரத்தில் ஏறிவிட்டோம். அன்றைக்குப் பின்னேரம் றோல்சும் பிளேன்ரீயும் வாங்கிக் கொண்டாடினோம்.

அந்தப் பெரிய கை நாங்கள்தான் என்று விளங்குவதற்கு எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது.

நடந்தது இதுதான். திரையில் தெரியும் விலை, கடைசியாக நடந்த ஒரேயொரு வியாபாரத்தின் விலை. அதற்குப் பின்னால் இரண்டு வரிசைகள் நிற்கின்றன. ஒரு பக்கம், இன்ன விலைக்கு இவ்வளவு வாங்கத் தயார் என்று நிற்பவர்கள். மறுபக்கம், இன்ன விலைக்கு இவ்வளவு விற்கத் தயார் என்று நிற்பவர்கள். அன்று விற்கும் வரிசையில் 12 ரூபாய்க்கு 4,000 பங்குகள்தான் இருந்தன. 12.10க்கு 6,000. 12.20க்கு 5,000. 12.40க்கு 7,000. 12.50க்கு 10,000. எங்கள் ஓடர் ஒவ்வொரு படியாகத் தின்றுகொண்டு மேலே போய், கடைசிப் படியில் 8,000ஐ எடுத்துவிட்டு நின்றது. கூட்டிப் பார்த்தால் 368,400 ரூபாய். புரோக்கர் தரகு, வரி எல்லாம் சேர்த்து 1.12 வீதம் அதற்கு மேல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்களே ஏற்றிவைத்த 12.50ஆல் எங்கள் 30,000ஐப் பெருக்கினால் 375,000 வருகிறது. தரகையும் வரியையும் கழித்த பிறகும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் லாபம்! எங்கள் காலடியையே யாரோ முன்னால் போனவரின் காலடி என்று நினைத்துப் பின்னால் நடந்திருக்கிறோம். ஆனால் அந்த நேரம் விற்கப்போயிருந்தால், வாங்கும் வரிசையில் முதலாவதாக நின்றவர் கொடுக்க இருந்தது 11.80. அதுவும் சில ஆயிரம் பங்குகளுக்கு மட்டும்.

எங்களில் ஒருவனின் அப்பப்பா சுன்னாகத்தில் வெங்காய வியாபாரம் செய்தவர். இந்தக் கதையைப் பிறகு அவருக்குச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "முப்பது மூடை வேணுமெண்டு சந்தைக்கு நடுவில நிண்டு ஆரும் கத்துவினமே? இஞ்ச ரெண்டு, அங்க மூண்டெண்டு பொறுக்கவேணும். மொத்தமாக் கேட்டா விலை முழிச்சிடும்." லொறிக்கு ஏற்ற வாங்கும் நாட்களில் தான் நேரே போகாமல் மூன்று பெடியளை வேறு வேறு பக்கத்தால் அனுப்பியதாகச் சொன்னார். அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். எங்களில் ஒருத்தி பொருளியல் சிறப்புப் பட்டதாரி.

அவளுக்குத்தான் அதிகக் கோபம். ஏனென்றால் அவள் இதைப் படித்திருந்தாள். 1985இல் ஆல்பர்ட் கைல் என்ற பொருளியலாளர் எழுதிய ஒரு கட்டுரை இதே விஷயத்தைப் பற்றியது. அவருடைய மாதிரியில் மூன்று வகையான ஆட்கள். பங்கின் உண்மையான பெறுமதி தெரிந்த ஒருவர். ஒன்றும் தெரியாமல், தங்கள் தங்கள் தேவைக்காக வாங்கி விற்கும் கூட்டம். நடுவில் விலை சொல்லும் ஒருவர். நடுவில் இருப்பவருக்கு யார் தெரிந்தவர், யார் தெரியாதவர் என்று பிரித்துப் பார்க்கமுடியாது. மொத்தமாக எவ்வளவு வாங்கக் கேட்கிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். கேட்பு கூடினால் 'ஆருக்கோ ஏதோ தெரியுது' என்று விலையைக் கூட்டுகிறார். தெரிந்தவரோ ஒரேயடியாக வாங்கினால் பிடிபட்டுவிடுவார். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, தெரியாதவர்களின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு வாங்குகிறார். அப்பப்பாவின் மூன்று பெடியள்தான்.

கொழும்புப் பங்குச்சந்தையில் அப்படி நடுவில் இருந்து விலை சொல்லும் ஆள் இல்லை. ஓடர்கள் ஒன்றோடொன்று நேரே முட்டுகின்றன. ஆனால் உள்ளே ஓடும் நியாயம் ஒன்றுதான். செய்தி தானாக நடந்துபோய் விலைக்குள் ஏறுவதில்லை. தெரிந்த ஒருவர் வந்து வாங்கவேணும், விற்கவேணும், அல்லது போட்டுவைத்த ஓடரைக் கழற்றவேணும். அப்போதுதான் விலை அசையும். பிரச்சினை என்னவென்றால், தெரியாத ஒருவர் வாங்கினாலும் விலை அதேமாதிரித்தான் அசைகிறது. பச்சை நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. வரிசை மெலிந்த பங்கென்றால் நாலு பெடி பெட்டைகளின் நாலு லட்சமே 'செய்தி' ஆகிவிடும்.

அந்தக் காலத்தில் எல்லாரும் ஏன் சந்தைக்குள் வந்தார்கள் என்பதையும் சொல்லவேணும். 2020 ஜூலையில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை 4.5 - 5.5 வீதத்துக்கு இறக்கியிருந்தது. நிலையான வைப்பில் போட்டால் ஒன்றும் பெரிதாக மிஞ்சாது. வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். கொரோனாவால் வீட்டுக்குள் இருந்தோம். அதே ஆண்டில் போனிலேயே கணக்குத் திறக்கும் வசதியும் வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே, புரோக்கர் அலுவலகப் படி ஏறாமல், படுத்திருந்தபடி பங்கு வாங்கலாம். அனைத்துப் பங்கு விலைச்சுட்டெண் 2021 முடிவில் 12,226. ஒரே ஆண்டில் எண்பது வீதம் ஏறியிருந்தது.

அந்த ஏற்றத்தில் உண்மையான செய்தியும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டோம். உலகம் முழுவதும் கொள்கலன் கப்பல் கட்டணம் எகிறியது. சரக்கு அனுப்பும் தொழிலில் இருந்த எக்ஸ்போலங்காவின் பங்கு 2020இல் சில ரூபாய்களில் கிடந்தது, 2021 முடியும்போது முந்நூறைத் தாண்டிவிட்டது. அந்த லாபம் கணக்கறிக்கையிலும் வந்தது. ஆனால் அதைப் பார்த்த எங்களைப் போன்றவர்களின் மூளை வேறு கணக்குப் போட்டது. அது ஏறியதென்றால் இதுவும் ஏறும். ஏன் ஏறும் என்று கேட்டால், ஏறுகிறதே, அதனால் ஏறும்.

2009இல் போர் முடிந்த பிறகும் இப்படி ஒன்று நடந்தது. 2008 முடிவில் 1,500 அளவில் இருந்த சுட்டெண் 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தொட்டுவிட்டுச் சரிந்தது. சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர் ஒருவர்பின் ஒருவராக விலகிப்போனார்கள். எங்களுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அந்த அனுபவம் எங்கள் தலைமுறைக்கு வந்துசேரவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்த வருடங்களில் சனத்துக்குக் கதைக்க வேறு விஷயங்கள் இருந்தன.

இனி எங்கள் பங்குக்கு வருவோம். ஜனவரி 18ஆம் திகதி அரசாங்கம் 500 மில்லியன் டொலர் சர்வதேசக் கடன்முறியைக் கட்டிமுடித்தது. சந்தை அதைக் கொண்டாடியது. சுட்டெண் 13,000ஐத் தாண்டி நின்றது. எங்கள் பங்கும் 14 ரூபாய்க்கு மேல் போனது. விற்றிருக்கலாம். விற்கவில்லை. "இருபது போகும்" என்று குழு சொன்னது. கையில் மிச்சமிருந்த டொலரில் கடன் கட்டினால் எரிபொருளுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டவர்களும் அந்த நாட்களில் இருந்தார்கள். அவர்களைக் குழுவில் இருந்து நீக்கினார்கள். செய்தி எங்கும் ஒளிந்திருக்கவில்லை என்பதுதான் இப்போது யோசிக்க எரிச்சல். பெற்றோல் செட்டில் வரிசை தொடங்கியிருந்தது. காஸ் இல்லை. பால்மா இல்லை. எங்கள் வீட்டுக் குசினியே ஒரு கணக்கறிக்கைதான். நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெப்ரவரி நடுவில் பங்கு திரும்பி 12 ரூபாய்க்கு வந்தது. சங்கிலி அடைவு வைத்தவளுக்கு முதலில் பயம் பிடித்தது. பாதியையாவது விற்போம் என்றாள். 15,000. சரியென்று வாங்கும் வரிசையைப் பார்த்தோம். 11.60க்கு 2,000. 11.50க்கு 1,500. பிறகு ஒரு வெறுமை. பிறகு 11.20க்கு 4,000. அந்த வரிசையில் எங்கள் 15,000ஐக் கொட்டினால் விலை பதினொன்றுக்குக் கீழே போய்விடும், மிச்சப் பாதியின் பெறுமதியும் எங்கள் கையாலேயே இறங்கிவிடும். ஏறும்போது தெரியாத பாடம் இறங்கும்போது நன்றாகத் தெரிந்தது. ஆகவே 12.20க்கு விற்கும் வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

காத்திருந்த அந்தக் கிழமையில்தான் சித்தி போன் எடுத்தா.

எங்களில் ஒருத்தியின் சித்தி. நாலு பேருக்கும் சித்திதான். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. டிசம்பரில் நாங்களே அவவுடைய போனில் கணக்குத் திறந்து கொடுத்திருந்தோம். "பிள்ளையள், நீங்கள் வாங்கின அது கொஞ்சம் இறங்கிக் கிடக்குப்போல. இப்ப நான் வாங்கினா நல்லமோ?"

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு எங்களில் ஒருவர் சொன்னோம்: "நல்ல கொம்பனி சித்தி. பயமில்லை. பிடிச்சு வச்சிருங்கோ."

எழுதும்போது 'ஒருவர் சொன்னோம்' என்று இலக்கணம் பிசகுவது தெரிகிறது. சொன்னது ஒரு வாய்தான். மற்ற மூன்று வாயும் மூடியிருந்தன.

அது பொய்யில்லை என்று அன்றைக்கு நினைத்தோம். நல்ல கொம்பனி என்று உண்மையாகவே நம்பினோம், பாதியை வைத்திருக்கவும் போகிறோம்தானே. அடுத்தநாள் காலை 11 மணிக்குப் பிறகு எங்கள் வரிசையில் 5,000 பங்குகள் 12.20க்கு விற்றன. விலை 12.20 ஆகியது, பச்சை. குழுவில் திரும்பவும் ராக்கெட். நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம். மிச்சம் 10,000 விற்கவில்லை. அதற்குப் பிறகு அந்த விலை திரும்பி வரவே இல்லை.

மார்ச் 7ஆம் திகதி ரூபாயை மிதக்க விட்டார்கள். மார்ச் கடைசியில் மின்வெட்டால் சந்தை திறந்திருக்கும் நேரத்தையே சுருக்கினார்கள். ஏப்ரல் 8இல் மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. அத்தோடு புதுவருட விடுமுறை. விடுமுறை முடிந்து திறக்கவேண்டிய சந்தையை, முதலீட்டாளர்களுக்கு நிலைமை தெளிவாக அவகாசம் தேவை என்று சொல்லி, 18 முதல் 22 வரை ஐந்து நாளும் பூட்டிவைத்தார்கள்.

அந்த ஐந்து நாள் ஒரு விசித்திரமான நாட்கள். விலை இல்லை. எங்களிடம் 25,000 பங்கு இருக்கிறது, ஆனால் அதற்கு விலை என்று ஒன்று இல்லை. கணக்கைத் திறந்தால் பழைய விலை அசையாமல் நிற்கும், நின்றுபோன மணிக்கூடு மாதிரி. எங்களில் ஒருவனுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. "இறங்கேல்லைத்தானே." செய்திகள் மட்டும் வெளியே குவிந்துகொண்டிருந்தன. 25ஆம் திகதி திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் குவிந்ததெல்லாம் ஒன்றாக உள்ளே வந்தது. பெரிய கொம்பனிகளின் எஸ் அன்ட் பி எஸ்எல் 20 சுட்டெண் பத்து வீதத்துக்கு மேல் விழுந்ததால், விதிப்படி அன்றைய வர்த்தகத்தை இடையில் நிறுத்திவிட்டார்கள். சந்தையைப் பூட்டினால் விலையைத்தான் பூட்டலாம். வாங்கும் வரிசையில் நிற்க யாருக்கும் மனமில்லாமல் போனதை எந்தப் பூட்டும் திருத்தாது. எங்கள் பங்குக்கு அன்று வாங்கும் பக்கம் பல நிமிடங்களுக்கு ஒரு எண்கூட இருக்கவில்லை.

இந்த நேரத்தில் பவுன் விலை டொலரோடு சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. ஷெயர் வாங்குவதற்காக நாங்கள் அடைவு வைத்த சங்கிலிதான் எங்கள் நாலு பேரிடமும் இருந்தவற்றில் நல்ல முதலீடு. அதை மீட்க நாலு பேரும் மாதாமாதம் காசு போட்டோம். அது தனிக் கதை.

மே மாதத்தில் ஒருநாள் சித்தி வீட்டுக்குப் போனோம். எவ்வளவு நட்டம் என்று பார்த்துத் தரச் சொன்னா. புரோக்கர் மின்னஞ்சலில் அனுப்பும் துண்டை அவவுடைய போனில் திறந்தோம். 5,000 பங்கு, 12.20, தரகோடு 61,683 ரூபாய். திகதியைப் பார்த்தோம். பிறகு எங்கள் துண்டைத் திறந்தோம். அதே திகதி. 5,000 பங்கு. 12.20. விற்பனை.

வரிசையில் அந்த விலைக்கு முன்னால் நின்றது நாங்கள்தான். அன்றைக்கு அந்தப் பங்கில் அதைவிட வேறு பெரிய வியாபாரம் எதுவும் நடக்கவில்லை. திரையில் பெயர் இருக்காது என்பதால் மூன்று மாதமாக எங்களுக்கு அது 'ஆரோ ஒருவர்'. ஜனவரியில் எங்களுக்கு 12.50க்கு விற்றவருக்கும் நாங்கள் 'ஆரோ ஒருவர்'தான். அவர் யார், ராக்கெட் படம் போட்டவரா, வேறு யாருமா என்று எத்தனையோ இரவு சண்டை பிடித்திருக்கிறோம். எங்களிடம் வாங்கியது ஆர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் உள்தகவலை வைத்து வியாபாரம் செய்வதைத் தடுக்கிறது. கொம்பனிக்குள் இருக்கும் இரகசியம் ஒன்றும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. சித்தி போன் எடுத்த அந்த நிமிடத்தில், முழுச் சந்தையிலும் எங்களுக்கு மட்டும் தெரிந்த தகவல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நாங்கள் விற்கப்போகிறோம் என்பது. விலையை அசைக்கக்கூடிய தகவல். அதைத்தான் சொல்லாமல் விட்டோம்.

அன்றைக்கே சொல்லிவிட்டோம். யார் தொடங்கியது என்று ஞாபகமில்லை, நாலு பேரும் முந்திப் பிந்திச் சொன்னோம். நட்டத்தை நாங்கள் தருகிறோம் என்றோம். சித்தி போனை மேசையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் இரண்டு துண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தா.

"காசை விடுங்கோ. அது நான் யோசிக்காமல் போட்ட காசு. அண்டைக்கு நாங்கள் விக்கத்தான் போட்டிருக்கிறம் சித்தி எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. சொல்லிப்போட்டு, வாங்குறதெண்டா வாங்குங்கோ எண்டு விட்டிருக்கலாம்."

எங்களிடம் பதில் இல்லை. பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது. சீனி இல்லை, பனங்கட்டி வைத்துத் தந்திருந்தா.

கன நேரத்துக்குப் பிறகு, "இப்ப என்ன விலை நிக்குது?" என்று கேட்டா.

போனை எடுத்துப் பார்த்தோம். கடைசி விலை 7.40 என்றோம். பிறகு கீழே போய் வரிசையையும் வாசித்தோம். வாங்க நிற்பது 7.10க்கு 1,200, 7 ரூபாய்க்கு 3,000. விற்க நிற்பது 7.40க்கு 9,000.

"அந்த ஒன்பதாயிரம் ஆர்?"

"அது எங்கடை சித்தி. இன்னும் பதினாறாயிரம் பின்னால கிடக்கு. அதையும் விக்கத்தான் பாக்கிறம்."